நிற்கிறவனைத்தான் நிறுத்துவார்கள்

“நல்லவனா இருந்தா போலீஸ் ஏம்மா நிறுத்தப் போவுது?”

“போலீஸ் நிறுத்தினா கெட்டவன்னு யாருங்க சொன்னது?”

“நான் சொல்றேன். முப்பது வருஷத்துக்கு மேல இந்த ஊர்ல வண்டி ஓட்டறேன். என்னை ஒருத்தன் கை காட்டி நிறுத்தினது கிடையாது. அந்தக் கான்ட்ராக்ட் பையனை எப்பப் பாத்தாலும் நிறுத்தி வச்சிருக்கான். ஏதோ இருக்கு. அதைக் கண்டுபுடிச்சிக் குடுங்க. வெள்ளிக்கிழமை தட்டு மாத்தறதா வேணாமான்னு அப்பறம் நான் பாத்துக்கறேன்.”

“நிறுத்தினதை நீங்க எங்கேருந்து பாத்தீங்க?”

“ரோட்டோரம், அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியிலேருந்து.”

“அங்க என்னங்க வேலை உங்களுக்கு?”

“நிழலுக்கு நின்னேம்மா. நிழலுக்குக்கூடவா காரணம் கேப்பீங்க?”

நேற்று சாயங்காலம் வைத்திலிங்கத்துடன் நடந்த இந்தப் பேச்சு, இன்று காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த திலகவதியின் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சைவிட, பேசும்போது அந்த மனிதர் மூக்கைச் சுருக்கிய விதம்தான் அவளுக்கு அதிகம் நினைவிருந்தது. ‘கான்ட்ராக்ட்’ என்ற சொல்லை அவர் உச்சரித்ததைக் கேட்டால், செருப்பில் ஒட்டியதைக் கல்லில் தேய்த்து வழிக்கிறவர் ஞாபகம் வரும்.

திலகவதி, மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ‘திலகம் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவள். கொலை, கொள்ளை என்று யாரும் அந்தப் படிகளில் ஏறி வந்ததில்லை. சுரங்கக் கம்பெனியின் இந்த டவுன்ஷிப்பில் வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரிப்புதான். பையன் குடிப்பானா, பர்மனென்டா கான்ட்ராக்டா, ஏற்கெனவே எங்கேயாவது மாலை மாற்றிக்கொண்டவனா. பெண்ணைப் பெற்ற அப்பாக்களுக்கு உண்மை தேவையில்லை, வேண்டாம் என்று சொல்ல மரியாதையான ஒரு சாக்குதான் தேவை என்பது இத்தனை வருஷ அனுபவத்தில் அவள் கண்டுபிடித்தது.

வைத்திலிங்கம் அந்த வகையில் முதல் தரம். போர்மேனாக ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டு போனவர். மனைவி இல்லை. ஒரே மகள் இளவேனில் டவுன்ஷிப் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அவள் மனசைக் கொடுத்திருந்தது அதே வடக்குத்து அறிவழகனுக்கு. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. மகளின் பிடிவாதத்துக்கு அரை மனதாகத் தலையாட்டிவிட்ட வைத்திலிங்கம், வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தலையை வேறு பக்கம் ஆட்ட வழி தேடிக்கொண்டிருந்தார். அந்த வழிக்குப் பெயர்தான் திலகவதி. ‘ஏதோ இருக்கு’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இளவேனிலின் கல்யாணம் அத்தோடு முடிந்தது.

“மேடம், நான் தீர்ப்பே சொல்லிடறேன். பாண்டி சரக்கு,” என்றான் பக்கத்தில் உட்கார்ந்து பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்த நிலவன். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, முடித்த குற்றத்துக்காகத் திலகவதியிடம் உதவியாளனாகக் காலம் தள்ளுகிறவன். “சீட்டுக்கடியில ரெண்டு, சைடு பாக்ஸ்ல நாலு. பெல்ட்டுல நிலக்கரி ஓடுதோ இல்லையோ, பிராந்தி ஓடுது.”

“போலீஸ் தினம் நிறுத்தியும் புடிக்க முடியலையா?”

“போலீஸ்தானே மேடம் கஸ்டமர்.”

“பன்னைத் தின்னுட்டுக் கண்ணைத் தொற. வேலை எதிர்ல நடக்குது.”

எதிரில் நடந்ததற்கு வேலை என்று பெயர் வைப்பது கொஞ்சம் பெருந்தன்மைதான். ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் எழுதிய இரும்புத் தடுப்புகளைச் சாலையில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, வாகனத் தணிக்கை என்று அதற்கு ஒரு பலகையும் சாய்த்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏட்டு ராமலிங்கம். அவருக்குப் பக்கத்தில், கையில் போனும் முகத்தில் தூக்கமுமாக ஒரு இளம் கான்ஸ்டபிள்.

அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி ஒன்று தார்ப்பாய் இல்லாமல், பின்னால் வருகிறவர்கள் கண்ணில் எல்லாம் சாம்பலைத் தூவிக்கொண்டு போயிற்று. ஏட்டு கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார், அதோடு சரி. கட்சிக்கொடி கட்டிய கார் வந்தது. ஏட்டு பாதி எழுந்து, மீதி உட்கார்ந்தார். ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், மூன்றாமவன் கையில் ஏணி. ஏணிக்கு இடிக்காமல் கான்ஸ்டபிளே தடுப்பை நகர்த்தி விட்டான்.

“இது செக்கிங் இல்ல மேடம், ஊர்வலத்துக்குப் பந்தோபஸ்து,” என்றான் நிலவன்.

அப்போதுதான் அறிவழகன் வந்தான். பழைய வண்டி, துடைத்து வைத்த பழைய வண்டி. தலையில் பட்டை மாட்டிய ஹெல்மெட். தடுப்புக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தான். ராமலிங்கத்தின் விசில், அன்றைக்கு முதல் முறையாக, உற்சாகமாக ஊதியது.

திலகவதி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள்.

அறிவழகன் வண்டியை ஓரங்கட்டினான். யாரும் சொல்லாமலே நம்பர் பிளேட்டில் வெளிச்சம் விழுகிற மாதிரித் திருப்பி நிறுத்தினான். சுரங்கத்து கேட் பாஸை மாட்டுகிற கண்ணாடிக் கவர் கழுத்தில் தொங்கியது. கேட்டில் தினமும் காட்ட வேண்டிய பாஸோடு லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாவற்றையும் அதே கவரில் வரிசையாகச் சொருகியிருந்தான். ஏட்டு கேட்கக் கேட்க ஒன்றை உருவினான், காட்டினான், வாங்கினான், திரும்பச் சொருகினான், அப்புறம்தான் அடுத்தது. உருவும்போதெல்லாம் அவன் கண் ஏட்டின் தோளைத் தாண்டி எங்கோ போய்விட்டு வந்தது. கான்ஸ்டபிள் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி ஒன்று. மாட்டச் சொல்லி ஒன்று.

“பாருங்க, இந்த சந்தடியில ஒரு பெரியவர் மைன்ஸ் ஹெல்மெட்டைக் கவுத்துக்கினு வண்டில சைடுல ரோட்டைத் தாண்டிப் போறாரு, அவரை ஒரு நாயும் கேக்கல,” என்றான் நிலவன். “மண்ணு சரிஞ்சா அந்தத் தலை தப்பிக்கும், லாரி இடிச்சா?”

திலகவதி திரும்பிப் பார்ப்பதற்குள் சாம்பல் புழுதிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மறைந்தது. அறிவழகனும் கவரைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

நிலவனின் வண்டியில் விரட்டிப் போய், அடுத்த வேகத்தடையில் அவனை மடக்கினார்கள்.

“தம்பி, நாங்க இளவேனிலோட அப்பா அனுப்பின ஆளுங்க,” என்று நேராகவே சொன்னாள் திலகவதி. சுற்றி வளைப்பதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை, எதிராளி மழுப்பத் தயாராவதற்குள் கேட்டுவிட வேண்டும். “உங்களை ஏன் இப்படி நிறுத்திக்கினே இருக்காங்க?”

அவன் முகத்தில் கோபம் வரவில்லை. அதுவே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

“தெரியலீங்க. நிறுத்துவாங்கன்னு நேரம் சேத்து வச்சிக்கினுதான் வூட்டை வுட்டே கெளம்பறேன். கேட் மூடறதுக்குள்ள போயிடுவேன்.”

“ஒருவாட்டியாவது எதுக்குன்னு கேட்டீங்களா?”

“நிக்கறது பழகிப் போச்சிங்க. மைன்ஸ் கேட்ல நிக்கறேன், இங்க நிக்கறேன். அவங்க அப்பா வூட்டுக்குப் போனா அங்கயும் நின்னுகினுதான் பேசறேன்.” சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்கிற மாதிரி ஆக்ஸிலரேட்டரைப் பார்த்தான்.

“கவர்ல எல்லாம் வரிசையாத்தானே இருக்கு? மொத்தமா உருவிக் குடுத்தா வேலை முடிஞ்சுது. ஏன் ஒண்ணொண்ணா?”

“காத்துல பறந்துடும்ங்க.”

வண்டி போய்விட்டது. திலகவதி அண்ணாந்து பார்த்தாள். சற்றுத் தள்ளி டீக்கடைக்காரர் கட்டியிருந்த கட்சிக்கொடி, கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஒரு இலைகூட அசையவில்லை.

“நல்ல பையன் மேடம்,” என்றான் நிலவன். “சந்தேகப்படற அளவுக்கு நல்லவன்.”

“பொய் சொல்றான். ஆனா யாருக்காகன்னு தெரியல. மொதல்ல அந்த ஏட்டைப் பாப்போம். நிலவா, ஹெல்மெட்டைக் கழட்டிக் கையில மாட்டு. போனைக் காதுல வை. நேரா அவங்க நடுவுல போ.”

“புடிச்சிட்டா?”

“சம்பளத்துல கழிச்சிக்கறேன்.”

“அது வந்தாத்தானே கழிப்பீங்க.”

நிலவன் போனான். ஹெல்மெட் முழங்கையில் ஊஞ்சலாட, தடுப்புக்குள் நுழையும்போது, “அண்ணே, நான் பாத்துக்கறேன்ணே, நம்ம ஆளுங்கதாண்ணே எல்லாம்!” என்று செத்துப்போன போனுக்குள் கத்தினான். ராமலிங்கம் எந்த அண்ணன் என்று ஒரு கணம் யோசித்தார், யோசித்த வேகத்திலேயே சாலையின் மறுபக்கத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சுற்றி வந்த நிலவனின் கழுத்தில் திலகவதி தன் கைப்பையிலிருந்த அடையாள அட்டைக் கவரை மாட்டினாள். வண்டியின் ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் அதில் சொருகினாள். ஹெல்மெட்டைத் தலையில் வைத்துப் பட்டையை இறுக்கிவிட்டாள். “இப்ப மெதுவாப் போ. பயந்தவனாட்டம் போ.”

“மூஞ்சி அப்படித்தான் மேடம் இருக்கு.”

தடுப்பை அவன் நெருங்குவதற்கு முன்பே விசில் ஊதிவிட்டது. கான்ஸ்டபிள் ஓடி வந்து சாவியைப் பிடுங்கினான். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

“கவர்ல என்ன? எடு. அப்படியே திரும்பு. சிரிக்காம நில்லு.”

“பாஸ்போர்ட் சைஸா, புல் சைஸா சார்? காது ரெண்டும் தெரியணுமா?”

திலகவதி சாலையைக் கடந்து வந்தாள். “ஏட்டையா, இதே பையன், இதே வண்டி, இப்பத்தான் ஹெல்மெட் இல்லாம, போன் பேசிக்கினு உங்க மூக்குக்கு முன்னாடி போனான். அப்ப உங்க விசில் எங்க போச்சி?”

ராமலிங்கம் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். டி.வி. ஆளோ, இன்ஸ்பெக்டர் சம்சாரமோ என்ற இரண்டு பயங்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் ஊசலாடினார். “யாரும்மா நீங்க?”

“கல்யாண புரோக்கர்னு வச்சிக்கங்களேன். அறிவழகன்னு ஒரு பையனை நீங்க தினம் நிறுத்தறதால அவன் கல்யாணம் நிக்கப் போவுது. அவன் மேல என்ன கேஸு?”

“கேஸா?” ஏட்டு உண்மையாகவே திடுக்கிட்டார். “ஐயோ, தங்கமான பையன்மா அது! இந்த ரோட்டுல பேப்பர் அத்தினியும் சரியா வச்சிருக்கறவன் அவன் ஒருத்தன்தான்.”

“அதுக்காகவா நிறுத்தறீங்க?”

“பின்னே?” அவர் குரலில் வெட்கம் ஒரு சொட்டும் இல்லை, அலுப்புதான் இருந்தது. “தினம் இத்தினி வண்டி செக் பண்ணோம்னு குரூப்புல போட்டோ போடணும்மா. போடலைன்னா மைக்ல கூப்புட்டு ஊரே கேக்கறாப்ல கிழிப்பாங்க. பேப்பர் இல்லாதவனை நிறுத்தினா, ஒடனே போனைத் தூக்கிக் குடுப்பான். அந்தப் பக்கம் கவுன்சிலரு, இல்லைன்னா அவரு மச்சான். எழுதறதா கிழிக்கறதான்னே அரை நாள் போயிடும். மைன்ஸ்காரனா இருந்தா கம்பெனி கார்டைக் காட்டிக்கினு போயிக்கினே இருப்பான். வயசுப் பசங்களை மறிச்சா வாய்க்கா வழியா எறங்கி ஓடுவான், உழுந்து கிழுந்து தொலைச்சா பழி நமக்கு. அறிவழகன்னா கை காட்டினா நிப்பான். எடுத்துக் குடுப்பான். ஒரு கேள்வி கேக்க மாட்டான். நிக்கிறவனைத்தானேம்மா நிறுத்த முடியும்?”

“ஹெல்மெட் கழட்டி ஒண்ணு, மாட்டி ஒண்ணு. அது?”

ஏட்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அது... ரெண்டு வண்டிக் கணக்குக்கு.”

நிலவன் விழுந்து விழுந்து சிரித்தான். திலகவதி சிரிக்கவில்லை. சாம்பல் லாரிகளையும் ஏணிக்காரனையும் விட்டுவிட்டு, சட்டத்தை முழுசாக மதிக்கிற ஒருவனைத் தேடிப் பிடித்து, அவனையே திரும்பத் திரும்பப் படம் எடுத்து மேலே அனுப்பும் ஒரு வேலை. அதைப் பார்த்து அவன் அயோக்கியன் என்று முடிவு கட்டும் ஒரு மாமனார். இரண்டு பேரில் யாரை அதிகம் வெறுப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

“சாயங்காலம் வெயில் நேரா உங்க மூஞ்சில அடிக்குமே ஏட்டையா,” என்றாள் திடீரென்று, கரிசனமாக. “நாற்காலியை அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு மாத்திக்கங்களேன். நல்ல நெழலு.”

ஏட்டு மரத்தைப் பார்த்தார். இந்த யோசனை இத்தனை நாளாகத் தனக்கு ஏன் வரவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஆபீசுக்குத் திரும்பும்போது நிலவன் கேட்டான். “கேஸ் முடிஞ்சுது. மாப்பிள்ளை சொக்கத் தங்கம்னு எழுதிட வேண்டியதுதானே? மரத்தடில என்ன மேடம் மிச்சம் இருக்கு?”

“நிழலுக்கு நின்னேன்னாரு வைத்திலிங்கம். ஒருவாட்டி நின்னா நிழல். எப்பப் பாத்தாலும்னு சொல்ற அளவுக்கு நின்னா?”

இளவேனிலுக்கு போன் போட்டாள். மருந்துக்கடையின் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண்ணின் குரல் பிசிறியது. “அக்கா, என்ன சொல்லப் போறீங்க எங்கப்பாகிட்ட? உங்க வார்த்தைலதான் எல்லாம் இருக்கு. உண்மையை மட்டும் சொல்லுங்கக்கா, எனக்கு அது போதும்.”

“சொல்றேன்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்கப்பா உன்னை வண்டில கூட்டிக்கினு வந்தா, எந்த வழியா வருவாரு?”

“வயக்காட்டு வழியாத்தான். மெயின் ரோடு தூசு, அவருக்கு ஆகாது. மழைக்காலத்துல சேத்துல சறுக்கி நாங்க ரெண்டு பேரும் உழுந்திருக்கோம், அப்பக்கூட அவரு மாத்திக்கல. ஏங்க்கா?”

“ஒண்ணுமில்ல. தூசு யாருக்குத்தான் ஆவும்?”

சாயங்காலம் மரத்தடிக்கு வரச் சொல்லியிருந்தாள், வைத்திலிங்கம் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். மரத்தடியில் காத்திருந்த திலகவதி, மனிதரைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்த்தாள். மெயின் ரோட்டில் வந்த வண்டியின் டயரில் சாம்பல் படிந்திருக்கும். இந்த டயரில் வாய்க்கால் சேறு அப்பியிருந்தது. வடக்குத்திலிருந்து வயல்களுக்கு ஊடே வரும் மண்பாதை, சரியாக இந்த மரத்தடியில்தான் சாலையைத் தொடுகிறது. தலையில், போர்மேனாக இருந்த காலத்து வெள்ளை மைன்ஸ் ஹெல்மெட்.

காலையில் புழுதிக்குள் மறைந்த அந்த வெள்ளைப் புள்ளி. திலகவதிக்குள் ஏதோ ஒன்று போய் அதனிடத்தில் உட்கார்ந்தது.

“என்னம்மா, புடிச்சிட்டீங்களா? சரக்கா, கஞ்சாவா?” என்றார், ஆவலை மறைக்காமல்.

“பையன்கிட்ட எல்லா பேப்பரும் இருக்கு. அதனாலதான் நிறுத்தறாங்க.” ஏட்டு சொன்னதை அப்படியே சொன்னாள்.

அவர் மூக்கு சுருங்கியது. “இதெல்லாம் ஒரு காரணமா? எவன் சொன்னாலும் நம்பிடுவீங்களா? அப்ப என்னை ஏன் நிறுத்தல?”

“நீங்க அவங்க கண்ணுல பட்டாத்தானே? போலீஸ் நின்னா நீங்க இந்த மரத்தடில நிப்பீங்க. அவங்க யாரையாவது நிறுத்தி அந்தப் பக்கம் திரும்பினதும் ரோட்டைத் தாண்டுவீங்க. அந்தப் பையனை நிறுத்தினதெல்லாம் உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்னு யோசிச்சேன். போலீஸ் எங்க நிக்குதுன்னு பேப்பர் இல்லாதவனைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? உங்க லைசென்ஸைக் காட்டுங்க.”

வைத்திலிங்கத்தின் கை பழக்க தோஷத்தில் பையிலிருந்து பழைய கம்பெனி கார்டை எடுத்து நீட்டியது.

“இது பர்மனென்ட்னு போட்ட கார்டு. நான் கேட்டது லைசென்ஸ்.”

நிலவன் எட்டிப் பார்த்தான். “மேடம், ஐயா ஹெல்மெட்டும் பர்மனென்ட், கார்டும் பர்மனென்ட். லைசென்ஸ்தான் இன்னும் கான்ட்ராக்ட்ல கூட வரல.”

அவர் அவனை முறைக்கவில்லை. வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். “வயசுல ஒருவாட்டி லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனேம்மா,” என்றார், கீழே பார்த்து. “கிரவுண்டுல எட்டு போடச் சொன்னாங்க. பாதி வளைவுல காலை ஊனிட்டேன். எங்க செக்‌ஷன்ல பாதிப் பேரு அன்னைக்கு அங்கதான் நின்னுகினு இருந்தான். சிரிச்சான் பாருங்க... அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அப்பறம் எனக்குப் பிரமோஷன் வந்துச்சி. எங்கிட்ட வேலை பாக்கறவன்கிட்டப் போயி எட்டு எப்படிப் போடறதுன்னு எப்படிக் கேக்கறது? கேக்கணும் கேக்கணும்னு நெனச்சிக்கினே ரிடையரும் ஆயிட்டேன்.”

“கார்டைக் காட்டிக்கினு நேரா போயிருந்தாலும் உங்களை விட்டிருப்பாங்க ஐயா,” என்றாள் திலகவதி. இரக்கமில்லாமல்தான் சொன்னாள். “இத்தினி வருஷமா பொண்ணையும் சேத்துச் சேத்துல தள்ளினது வீண்.”

அந்த நேரம் பார்த்து இரும்புத் தடுப்பு தார் ரோட்டில் கிறீச்சிட்டது. நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கான்ஸ்டபிளும், பின்னால் ராமலிங்கமும் நிழலைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். மண்பாதையில் நெல் அறுக்கிற மெஷின் ஒன்று ஏறி வந்து அடைத்துக்கொண்டு நின்றது. வைத்திலிங்கம் முன்னேயும் பார்த்தார், பின்னேயும் பார்த்தார்.

“அட, பெரியவரு ஏற்கெனவே நின்னுகினு இருக்காரு. வேலை மிச்சம்,” என்றார் ஏட்டு மகிழ்ச்சியாக. “ஐயா, லைசென்ஸ எடுங்க. ஒரு போட்டோதான், போயிடலாம்.”

வைத்திலிங்கம் கம்பெனி கார்டை நீட்டினார்.

“இதைக் காட்டிக்கினு ஓடறவனைத்தான் புடிக்க முடியாது, நீங்க நின்னுட்டீங்களே. இது மைன்ஸுக்குள்ள போறதுக்குங்க. நான் ரோட்டுல போறதுக்குக் கேக்கறேன்.”

ஒரு முழு செக்‌ஷனை விரட்டி வேலை வாங்கியவர், அதே கார்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். நிலவன் ஏதோ சொல்லக் கிளம்பினான், திலகவதி பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கினான்.

ஷிப்ட் முடிந்து வந்த வண்டிகளின் வரிசையிலிருந்து ஒன்று பிரிந்து மரத்தடிக்கு வந்தது. அறிவழகன் இறங்கினான். சட்டையெல்லாம் கிரீஸ். மாமனார் கையில் நீட்டியபடி இருந்த கார்டைப் பார்த்தான், ஏட்டைப் பார்த்தான். கழுத்துக் கவரை வெளியே இழுத்தான்.

“ஏட்டையா, சாயங்காலத்துக்கு என்னை எடுத்துக்கங்க. வெளிச்சம் இப்ப நல்லா வுழுவுது.”

“வாப்பா! எங்கடா ஆளைக் காணமேன்னு பாத்தேன்.” ராமலிங்கத்துக்குப் பெரியவர் மறந்தே போனார்.

வண்டி திரும்பியது. ஹெல்மெட் இல்லாமல் ஒன்று, ஹெல்மெட்டோடு ஒன்று. அன்றைய சட்டம் ஒழுங்கு முழுவதும் முடிந்துவிட்ட திருப்தியோடு, ஏட்டும் கான்ஸ்டபிளும் எதிர்ப்புற டீக்கடைக்கு நடந்தார்கள்.

“அறிவழகன்,” என்றாள் திலகவதி. “காலையில காத்தே அடிக்கல. ஏன் ஒண்ணொண்ணா உருவினீங்க?”

அவன் கவரைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

“இவரு ரோட்டைத் தாண்டற வரைக்கும் ஏட்டு மூஞ்சி உங்க பக்கமே இருக்கணும்னுதானே?”

“அவங்க தாண்டிட்டாங்கன்னா மீதியை டக்குனு காட்டிட்டுப் போயிடுவேங்க,” என்றான், தன் மேல் ஏதோ குற்றம் சுமத்தப்பட்ட மாதிரி. “வயசானவங்க. அவசரத்துல குறுக்க வந்து லாரில கீரில மாட்டிக்கினா...”

“இவருகிட்ட லைசென்ஸ் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். இளவேனில்கிட்ட சொன்னீங்களா?”

“அது அவங்க அப்பா விஷயங்க. நான் எதுக்குச் சொல்லணும்?”

தன்னைத் திருடன் என்று வேவு பார்த்துக்கொண்டிருந்தவர் தலைக்கு நேரே, தினமும் நின்று குடை பிடித்திருக்கிறான் இவன்.

“ரிப்போர்ட்டை எழுதித் தரட்டுங்களா, வாய்லயே சொல்லட்டுங்களா?” என்று கேட்டாள் திலகவதி.

வேண்டாம் என்று வைத்திலிங்கம் கையைக் காட்டினார். தலையிலிருந்த வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றினார். நரைத்த முடி வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்தார். பிறகு அறிவழகனுக்குப் பக்கத்தில், அவன் நிற்கிற மாதிரியே, வந்து நின்றார்.

“மாப்ள,” என்றார். “அந்த எட்டு... வளைவுல காலை ஊனாம எப்படிப் போடறது? எனக்குக் கொஞ்சம் கத்துக் குடுக்கறீங்களா?”